ஆண்களுக்கான கிறிஸ்தவ தியான முகாம்: மனம் திறந்து பேசுவதைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்களுக்கென்று நடத்தப்படும் தியான முகாமுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, அங்கே என்ன கேட்பார்களோ, எதைச் சொல்ல நேருமோ என்று தயங்கிக்கொண்டிருக்கும் சகோதரர்களுக்காக இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். முகாம்களில் சிறு குழுக்களை நடத்தும் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றையே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இது அண்மையில் தோன்றிய வழக்கமா?

இல்லை. சாப்பிடக்கூட நேரமில்லாதபடி ஜனங்கள் வந்துபோய்க்கொண்டிருந்த வேளையில், வனாந்தரமான ஓரிடத்தில் தனித்துச் சற்றே இளைப்பாறும்படி இயேசு தம் சீஷர்களை அழைத்ததை மாற்கு 6-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த துறவிகள், தங்கள் உள்ளத்தில் ஓடும் எண்ணங்களை மூத்தவர் ஒருவரிடம் மறைக்காமல் சொல்வதைத் தங்கள் வாழ்க்கை முறையின் முக்கியமான பகுதியாகக் கொண்டிருந்தார்கள். போரில் கால் சிதைந்து உயிர் பிழைத்தவரும் பின்னர் இயேசு சபையை நிறுவியவருமான லொயோலா இஞ்ஞாசியார் 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவுக்கு வந்து, பல மாதங்கள் ஜெபத்திலும் கடும் மனப் போராட்டத்திலும் கழித்தார்; அந்த அனுபவத்திலிருந்து பிறந்த அவருடைய ஆன்மிகப் பயிற்சிகளுக்குத் திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548-இல் ஒப்புதல் அளித்தார். இன்றைய கத்தோலிக்கத் தியானங்கள் பலவற்றுக்கும் அதுவே அடித்தளம்.

புரொட்டஸ்டன்ட் மரபிலும் இதற்கு ஆழமான வேர் உண்டு. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738-இல் ஏற்படுத்திய மிகச் சிறிய குழுக்களில் ஆண்கள் தனியாகவும் பெண்கள் தனியாகவும் வாரந்தோறும் கூடி, கடந்த கூட்டத்திற்குப் பின் தாங்கள் செய்த பாவங்களையும் சந்தித்த சோதனைகளையும் ஒருவருக்கொருவர் வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டார்கள். இருபதாம் நூற்றாண்டில், ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் 1940-களில் தொடங்கிய குர்சில்லோ என்ற கத்தோலிக்க இயக்கம், ஆண்களுக்கான மூன்று நாள் கூடுகையாகவே முதலில் உருவெடுத்தது. வார இறுதியில் நடக்கும் இன்றைய முகாம்களின் அமைப்பு பெருமளவு இவற்றிலிருந்து வந்ததுதான்.

ஆண்களை மட்டும் தனியாகக் கூட்டுவது ஏன்?

பெண்கள் இருப்பதில் குறை ஒன்றுமில்லை. குடும்பத்தைத் தாங்குகிறவன், முடிவெடுக்கிறவன், கலங்காதவன் என்று மற்றவர்கள் தன்னைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணத்தைக் காப்பாற்றும் வேலையிலேயே பல ஆண்களின் பலம் செலவாகிவிடுகிறது; மனைவியும் பிள்ளைகளும் எதிரே இருக்கும்போது அந்த வேலையை நிறுத்துவது அவர்களுக்கு மிகவும் கடினம். அதே வேலையைச் செய்து களைத்த இன்னும் நான்கு பேர் நடுவில் உட்காரும்போது, அதைக் கொஞ்ச நேரம் விட்டுவிடலாம் என்ற துணிவு பிறக்கிறது.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட காரணமும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, தற்கொலையால் இறந்தவர்கள் ஒரு லட்சம் ஆண்களுக்கு 12.6 பேர், ஒரு லட்சம் பெண்களுக்கு 5.4 பேர். இந்த வேறுபாட்டுக்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. துன்பத்தை யாரிடமும் சொல்லாமல், உதவி கேட்காமல் இருக்கும் பழக்கம் அவற்றில் ஒன்று. ஆராதனைக்கு ஒழுங்காக வருகிறவர்களும் இதற்கு விலக்கல்ல. சபையில் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் "கர்த்தருடைய கிருபையால் நலமாக இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நம்மில் பலருக்குப் பழகிப்போன பதில்.

தன் பலவீனத்தை மற்ற ஆண்கள் முன்னால் சொல்வது விசுவாசக் குறைவாகவோ ஆண்மைக்கு இழுக்காகவோ ஆகாதா?

இந்தக் கேள்விக்கு நம்முடைய கருத்தைவிட வேதத்திலுள்ள மனிதர்களே நல்ல பதில் தருகிறார்கள். கெத்செமனேயில் இயேசு பேதுருவையும் செபெதேயுவின் குமாரர் இருவரையும் அருகே கூட்டிக்கொண்டுபோய், "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது, நீங்கள் இங்கே தங்கி, என்னோடுகூட விழித்திருங்கள்" என்று சொன்னார். பிதாவிடம் ஜெபிப்பது அவருக்குப் போதாதிருந்திருக்குமா? ஆனாலும் மூன்று நண்பர்களிடம் தம் துக்கத்தைச் சொல்லி, தம்மோடு இருக்கும்படி கேட்டார். எல்லாச் சீஷர்களிடமும் அவர் அதைச் சொல்லவில்லை, மூன்று பேரிடம் மட்டுமே சொன்னார் என்பதையும் கவனிக்க வேண்டும்; யாரிடம் சொல்வது என்று தெரிந்தெடுப்பது வஞ்சகம் ஆகாது.

யோனத்தானும் தாவீதும் பிரியும் வேளையில் ஒருவரையொருவர் முத்தமிட்டு அழுதார்கள், தாவீது மிகவும் அதிகமாய் அழுதான் என்கிறது 1 சாமுவேல் 20. இருவரும் போர் வீரர்கள். எபேசுவின் மூப்பர்கள் பவுலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அந்தப் பவுலோ, ஆசியாவில் தனக்கு நேரிட்ட உபத்திரவத்தில் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்பதைக் கொரிந்து சபையார் அறியாமலிருக்க எனக்கு மனதில்லை என்று எழுதுகிறார். தன்மீது சந்தேகம் கொண்டிருந்த ஒரு சபைக்கே அவர் அப்படி எழுதினார் என்பது என்னை எப்போதும் வியக்க வைக்கிறது. பிசாசு பிடித்த பையனின் தகப்பன் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடே சத்தமிட்டுச் சொன்னபோது, சீஷர்களும் திரளான ஜனங்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இயேசு அவனைக் கடிந்துகொள்ளவில்லை, பையனைக் குணமாக்கினார்.

அங்கே எதைச் சொல்ல வேண்டும்? எவ்வளவு சொல்ல வேண்டும்?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன். ஆகையால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மனம் திறப்பதைப் போலத் தோன்றினாலும் திறக்காத பேச்சு இரண்டு வகையாக வரும். முதலாவது, பொதுவாகப் பேசுவது. "நாம் எல்லாரும் பாவிகள்தானே, நானும் பல குறைகள் உள்ளவன்" என்று சொல்வது முற்றிலும் உண்மை. ஆனால் அதைச் சொன்னவரைப் பற்றி அது யாருக்கும் எதையும் தெரிவிப்பதில்லை, அவரும் அதற்காக எதையும் இழப்பதில்லை. இரண்டாவது, முடிந்துபோனதை மட்டும் பேசுவது. நம் சபைகளில் சாட்சி சொல்லும் பழக்கம் நல்ல பழக்கம். ஆனால் சாட்சி பெரும்பாலும் வெற்றியில் முடியும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் குடித்துக்கொண்டிருந்தேன், கர்த்தர் விடுவித்தார் என்று பலர் முன்னால் தைரியமாகச் சொல்லும் ஒருவர், சென்ற மாதம் மகனைக் கை நீட்டி அடித்ததையும் அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளாமல் இருப்பதையும் சொல்லத் துணியமாட்டார். முன்னது அவருக்கு மதிப்பைத் தருகிறது, பின்னது மதிப்பைக் குறைக்கும் என்று அவர் அஞ்சுகிறார்.

ஆகவே இன்றைய நிலையில் உள்ள, இன்னும் தீராத, உங்களுக்கே உரிய ஒன்றைச் சொல்லுங்கள். அது பெரிய பாவமாக இருக்கத் தேவையில்லை. கடன் எவ்வளவு என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது என்பதாக இருக்கலாம். வேலை போய்விடுமோ என்ற பயமாக இருக்கலாம். தகப்பனார் இறந்தபோது தன் கண்ணில் ஒரு துளி நீர்கூட வரவில்லையே என்ற குழப்பமாக இருக்கலாம். கைப்பேசியில் இரவு நேரத்தில் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை என்பதாக இருக்கலாம். பல மாதங்களாக ஜெபிக்கவே தோன்றவில்லை என்பதாகவும் இருக்கலாம். இவற்றில் ஒன்றை நாலே வாக்கியங்களில் சொல்லிவிடலாம். விவரங்களை அடுக்க வேண்டியதில்லை. குறிப்பாக, இச்சை சம்பந்தமான காரியங்களில் விவரங்களைச் சொல்வது, கேட்டுக்கொண்டிருப்பவருக்குத் தீங்காகவே முடியும். வேறொருவருடைய இரகசியத்தையும் உங்கள் கதையோடு சேர்த்து வெளியே கொண்டுவரக் கூடாது. உங்கள் கோபத்தைப் பற்றிப் பேசுவதற்கு உங்கள் மனைவியின் குறைகளை விவரிக்க வேண்டிய அவசியமில்லை.

"நான் அடக்கிவைத்தமட்டும், நித்தம் என் கதறுதலினாலே என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று" என்று சங்கீதம் 32 சொல்கிறது. அறிக்கையிடுமுன் இருந்த நிலையைப் பற்றிய வசனம் அது. அடக்கிவைத்ததன் பாரத்தைத் தாவீது உடலிலேயே உணர்ந்திருக்கிறார். குழுவில் முதன்முறையாகப் பேசிய பின் அன்றிரவு நன்றாகத் தூங்கியதாகப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பேச விருப்பமில்லை என்றால் கட்டாயப்படுத்துவார்களா?

நல்ல முகாமில் கட்டாயப்படுத்தமாட்டார்கள். உங்கள் முறை வரும்போது "இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லலாம். அப்படிச் சொன்ன பிறகும் வற்புறுத்துகிற குழு, மனம் திறப்பதற்கு ஏற்ற குழு அல்ல.

நான் சொன்னது வெளியே போய்விட்டால் என்ன செய்வது?

இந்தப் பயத்துக்கு நியாயமான காரணம் உண்டு. ஒரே சபையில், ஒரே உறவினர் வட்டத்தில் வாழ்கிறவர்கள் நடுவில், ஒருமுறை வெளியான சொல் பிள்ளைகளின் திருமணப் பேச்சு வரைக்கும் போகக்கூடும் என்பதை அறிந்தவர்கள்தான் தயங்குகிறார்கள். ஆகவே பெயர் கொடுக்கும்போதே நடத்துகிறவரிடம் சில காரியங்களை நேராகக் கேட்டுவிடுங்கள். குழுவில் பேசப்படுவதை வெளியே சொல்லக் கூடாது என்ற விதி எல்லார் முன்னிலையிலும் சொல்லப்படுமா? ஒலிப்பதிவோ காணொளியோ எடுக்கப்படுமா? ஒரே வீட்டைச் சேர்ந்தவர்களையும், மேலதிகாரியையும் அவர்கீழ் வேலை செய்பவரையும் வெவ்வேறு குழுக்களில் வைப்பார்களா? இவற்றுக்குத் தெளிவான பதில் வராவிட்டால், ஆராதனைக்கும் செய்திக்கும் மட்டும் போய்வாருங்கள். சொந்தக் காரியங்களைப் பேசாதிருங்கள்.

இரகசியம் வெளியேறுவது பெரும்பாலும் பகைமையால் அல்ல, ஜெபக் குறிப்பு என்ற பெயரில்தான். "அந்தச் சகோதரருக்காக ஜெபியுங்கள், அவர் வீட்டில் பிரச்சினை" என்று வாட்ஸ்அப் குழுவில் நல்ல மனதோடு ஒருவர் எழுதிவிட்டால் போதும். ஒருவர் சொன்னதை அவருடைய அனுமதியின்றி ஜெபத்தில்கூட மற்றவர்முன் உரக்கச் சொல்லக் கூடாது என்பதை நான் நடத்தும் குழுக்களில் முதல் விதியாக வைத்திருக்கிறேன்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையில் ஒப்புரவு அருளடையாளத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) சொன்னதைக் குரு எக்காரணத்தைக் கொண்டும் வெளியிட முடியாது. திருச்சபைச் சட்டம் அதை முழுமையாகத் தடை செய்கிறது. சிறு குழுவுக்கு அப்படிப்பட்ட முழுமையான தடை கிடையாது. ஒரு குழந்தைக்குத் தீங்கு நடக்கிறது என்றோ, வீட்டில் ஒருவர் வன்முறைக்கு உள்ளாகிறார் என்றோ, ஒருவர் தன் உயிரை மாய்க்கத் திட்டமிடுகிறார் என்றோ தெரியவந்தால், கேட்டவர்கள் மௌனமாக இருக்கக் கூடாது. அந்த இடத்தில் ஆபத்தில் இருப்பவரைக் காப்பதே முதல் கடமை. இரகசியம் காப்பதும் சபையின் நற்பெயரைக் காப்பதும் அதற்குப் பிற்பட்டவை.

மற்றவர் மனம் திறந்து பேசும்போது நான் என்ன செய்ய வேண்டும்?

யோபுவின் நண்பர்களைப் பாருங்கள். ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் செய்தவற்றில் மிகச் சிறந்தது அதுதான். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபோது அவனுடைய துன்பத்தைக் கூட்டினார்கள். ஆண்கள் நாம் ஒருவருடைய கவலையைக் கேட்டவுடன் தீர்வு தேடுகிறோம். அது அன்பினால் வருவதுதான், ஆனால் சொன்னவருக்கு "போதும், நிறுத்து" என்பது போலக் கேட்கும். வசனத்தை எடுத்து நீட்டாதீர்கள். "எனக்கும் இப்படித்தான் நடந்தது" என்று உங்கள் கதைக்குத் திருப்பாதீர்கள். அவர் முடித்த பின் சில கணங்கள் மௌனமாக இருந்து, சொன்னதற்கு நன்றி கூறி, ஜெபிக்கலாமா என்று கேளுங்கள். ஆலோசனை வேண்டுமானால் அவரே கேட்பார்.

எல்லாரும் அழும்போது எனக்கு அழுகை வராவிட்டால்?

வராவிட்டால் வேண்டாம். கண்ணீர் மெய்யான மனந்திரும்புதலின் அளவுகோல் அல்ல. தூக்கமின்மை, நள்ளிரவு வரை நீளும் கூட்டம், மெதுவாக ஒலித்துக்கொண்டே இருக்கும் இசை, மேடையிலிருந்து திரும்பத் திரும்ப வரும் அழைப்பு ஆகியவற்றைச் சேர்த்தால் பலரை அழவைத்துவிடலாம். அப்படி வந்த கண்ணீரில் சொல்லிவிட்டதை மறுநாள் நினைத்து வெட்கப்படுகிறவர்கள் உண்டு. சாகவேண்டும் என்று வேண்டிக்கொண்டு சூரைச்செடியின்கீழ் படுத்த எலியாவிடம் தேவதூதன் முதலில் எழுந்திருந்து சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினான். "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி நாற்பது நாள் கழித்து ஓரேப் மலையில்தான் வந்தது. களைத்த மனிதர்களைத் தூங்கவிட்டுப் பகலில் பேசவைக்கும் முகாமை நான் நம்புகிறேன்.

நான் போதகர். சபையார் முன்னால் எப்படிப் பேசுவது?

உங்கள் சபையாருக்காக நீங்கள் நடத்தும் முகாமில் உங்கள் ஆழமான போராட்டத்தை எல்லாம் கொட்ட வேண்டியதில்லை. அவர்கள் உங்களைத் தாங்கவேண்டிய நிலைக்கு அவர்களைத் தள்ளுவதாக அது ஆகிவிடும். ஆனால் வேறெங்காவது, நீங்கள் வெறும் சகோதரராக மட்டும் இருக்கும் ஓர் இடம் கட்டாயம் வேண்டும். ஜெர்மனியில் 1935-இல் ஊழியர் பயிற்சிப் பள்ளியை நடத்தத் தொடங்கிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர், ஒரு சகோதரரிடம் தனியாகப் பாவ அறிக்கை செய்யும் வழக்கத்தைத் தம் மாணவர்களுக்குக் கற்பித்தார். தாமே அவர்களில் ஒருவரிடம் அறிக்கை செய்தார். பதவியில் மூத்தவர் தம்மைத் தாழ்த்தி அறிக்கை செய்த அந்தச் செயல், எத்தனையோ பிரசங்கங்களைவிட அந்த மாணவர்களுக்கு அதிகம் கற்றுக்கொடுத்திருக்கும்.

முகாமில் சொன்னதை மனைவியிடமும் சொல்ல வேண்டுமா?

மற்றவர்கள் சொன்னதை ஒருபோதும் சொல்லக் கூடாது. உங்களுடையதைப் பொறுத்தவரை, அந்தக் காரியம் யாரைப் பாதித்ததோ அவரிடம் போய்ச் சேராத வரைக்கும் அறிக்கை பாதியிலேயே நிற்கிறது. வீட்டுப் பணத்தை இழந்ததையோ உண்மையில்லாமல் நடந்ததையோ குழுவில் சொல்லி மன அமைதி அடைந்துவிட்டு, அந்த இழப்பைச் சுமப்பவரிடம் சொல்லாமல் இருப்பது அவருக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம். எனினும், வீட்டு வாசலில் கால் வைத்தவுடன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "நான் சொல்லிவிட்டேன், இனி மன்னிப்பது உன் பொறுப்பு" என்பதுபோல நிற்கவும் கூடாது. நீங்கள் மூன்று நாள் ஜெபத்திலும் நண்பர்களின் ஆதரவிலும் இருந்துவிட்டு வருகிறீர்கள். அவரோ அந்த நாள்களில் வீட்டையும் பிள்ளைகளையும் தனியாகப் பார்த்துக்கொண்டவர். பிள்ளைகள் இல்லாத, அவசரமில்லாத ஒரு நேரத்தைக் கேட்டுப் பெறுங்கள். திருமண உறவையே அசைக்கக்கூடிய காரியமானால், போதகரோ குடும்ப நல ஆலோசகரோ ஒருவருடைய துணையோடு சொல்வது நல்லது. அவர் கோபப்படலாம், பல வாரங்கள் பேசாமலும் இருக்கலாம். மன்னிப்புக்குத் தேதி குறிக்க உங்களுக்கு உரிமையில்லை.

இது மனநல சிகிச்சைக்கு மாற்றாகுமா?

ஆகாது. மனச்சோர்வு, போதைக்கு அடிமையாதல், சிறுவயதில் நேர்ந்த துஷ்பிரயோகத்தின் பாதிப்பு ஆகியவற்றுக்குப் பயிற்சி பெற்ற மருத்துவரும் ஆலோசகரும் தேவை. மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர் முகாமில் கிடைத்த சந்தோஷத்தில் தானாகவே அதை நிறுத்தக் கூடாது. நிறுத்தச் சொல்லும் ஊழியரின் பேச்சைக் கேட்கவும் கூடாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் முகாமுக்காகக் காத்திருக்காமல் இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வீடு திரும்பிய சில வாரங்களில் எல்லாம் பழைய நிலைக்கே வந்துவிடுகிறதே?

வரும். குர்சில்லோ இயக்கத்தினர் மூன்று நாள் கூடுகைக்குப் பின் வரும் வாழ்நாள் முழுவதையும் நான்காம் நாள் என்று அழைக்கிறார்கள். அந்த நான்காம் நாளுக்காகவே சிறு குழுவாகத் தொடர்ந்து கூடுகிறார்கள். வெஸ்லியின் குழுக்களும் ஆண்டுக்கு ஒருமுறை அல்ல, வாரத்துக்கு ஒருமுறை கூடின. "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" என்ற யாக்கோபு 5:16 அவர்களுடைய அடிப்படை வசனம். அது சபையின் அன்றாட வாழ்க்கைக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை.

முகாமிலிருந்து கிளம்புவதற்கு முன்பே, நீங்கள் நம்பும் ஒருவரிடமோ இருவரிடமோ பேசி, அடுத்த சந்திப்பின் நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். "பிறகு பார்ப்போம்" என்று பிரிந்தவர்கள் பெரும்பாலும் பார்ப்பதேயில்லை. சந்திப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீள வேண்டாம், நேரில் முடியாத வாரத்தில் தொலைபேசியிலும் நடக்கலாம். முகாமில் நீங்கள் சொன்ன அந்தக் காரியத்தைப் பெயர் சொல்லி அவர் உங்களிடம் கேட்க வேண்டும்: மகனோடு பேசினீர்களா, கடன் விவரத்தை வீட்டில் காட்டினீர்களா, இந்த வாரம் இரவுகள் எப்படி இருந்தன? "இல்லை" என்று பதில் சொல்ல நேர்ந்தாலும் அந்த வாரச் சந்திப்பைத் தள்ளிப்போடாதீர்கள். மறைப்பதற்கான ஆசை அதிகமாக வரும் வாரம் அதுதான். அப்போது நாமே முன்வந்து அழைக்காவிட்டாலும் மற்றவர் நம்மை அழைக்கவேண்டும் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.